இரண்டு கத்திகளால் ஆன கத்தி

ஜனவரி 2, 2019

குன்னூரிலிருந்து போஜராஜ் சாரின் பார்சல் வந்துவிட்டது. தேயிலை அடைக்கும் வெள்ளிநிற உறை, அதற்குள் பனியன் துணி, அதற்குள் கத்தி. பிரிக்கவே கால் மணி நேரம் ஆனது.

சார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடமாக மடக்குக் கத்தி சேர்க்கிறார். எனக்கு ஒன்பது வருடப் பழக்கம், பெரும்பாலும் போனில். அவரிடமிருக்கும் அறுபத்து மூன்று கத்திகளில் இதுதான் பெரியது, பெருமையும் இதற்குத்தான். குதிரைக்காரர் கத்தி. பெரிய அலகு, சின்ன அலகு, ரம்பம், தக்கை திருகி, தோலில் துளை போடும் ஊசி. முதுகில், குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை நெம்பி எடுக்கும் கொக்கி. இரண்டு பக்கமும் எலும்புப் பிடி. பெரிய அலகின் அடியில் முத்திரை: நடுவில் கிரீடம், ஒரு பக்கம் V, மறு பக்கம் R. விக்டோரியா ராணி காலம். அதாவது 1901க்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

ஒரு பக்க எலும்பில் ஆணி அருகே விரிசல். அதை இறுக்க வேண்டும். இருபதாம் தேதி கோயம்புத்தூரில் சேகரிப்பாளர்கள் கூடுகிறார்கள், அங்கே இதை வைக்கப் போகிறார்.

“முழுசாப் பாத்து ஒரு குறிப்பும் எழுதிக் குடும்மா பியூலா. உன் கையெழுத்து இருந்தா அங்க யாரும் வாயத் திறக்க மாட்டாங்க” என்றார்.

கீழ் வீட்டில் என் அக்கா ரஞ்சிதம் இருமிக்கொண்டே இருக்கிறாள். அவள் மகள் ஷெரின் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள்.

ஜனவரி 3

இன்று ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு எக்ஸ்ரே படம் எடுத்தேன். அதில் பதினேழு முழங்கால்.

ஐந்து மணிக்கு மேல் அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்து எல்லோருக்கும் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். இருமல் நிற்காததால், “வாக்கா, ஒரு படம் எடுத்துருவோம்” என்று நானே உள்ளே கூட்டிப்போனேன். டாக்டர் சீட்டு இல்லை. கணினியில் பெயர் பதியவில்லை. தாலிச் சங்கிலியைக் கழற்ற அவளுக்கு மனமே இல்லை.

“மூச்ச இழுத்துப் பிடி.”

“பிடிச்சா இருமல் வருதுட்டி.”

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வெளியே வந்து, “என்னட்டி இருக்கு?” என்றாள். “சளி கட்டியிருக்கு” என்றேன். படங்களை உறையில் போட்டு என் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கத்தியின் மூட்டுகளில் எண்ணெய் விட்டேன். இன்சுலின் ஊசியால் சொட்டுச் சொட்டாக. மண்ணெண்ணெயில் ஊறப் போடக் கூடாது, எலும்பு அதைக் குடித்துவிட்டால் மஞ்சள் போகாது.

ஜனவரி 4

அக்காவோடு உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தேன். ஏழு புடவை.

ஜனவரி 6

ஞாயிறு. கோயில் முடிந்து வந்து மாலைவரை கத்தி வேலை.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது ஒரு நோயாளியால். பதினான்கு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் படம் எடுக்கும்போது இடுப்பிலிருந்ததை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, துருப்பிடித்த ஒரு பேனாக்கத்தியை மட்டும் மறந்து போனார். ஆறு மாதம் மேஜை டிராயரில் கிடந்தது. யாரும் கேட்டு வரவில்லை. ஒரு நாள் பொழுது போகாமல் துடைத்தேன், துருவுக்குக் கீழே எழுத்துத் தெரிந்தது. அப்போது பிடித்தது. கத்தியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாயா என்று கத்தி சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள். எடுத்தேன். அடுக்கிய இரும்பைத் துளைக்க எங்கள் எந்திரத்துக்குத் தெம்பு இல்லை. படம் முழுக்க ஒரே வெள்ளை.

துருவில் இரண்டு வகை. கறுப்பாகப் படிந்திருப்பது வயது, அதைத் தொடக் கூடாது. சிவப்பாக உதிர்வது நோய், அதை மட்டும் எடுக்க வேண்டும். பெரிய அலகில் சிவப்பே இல்லை. ரம்பத்தின் அடியில்தான் கட்டியாக இருக்கிறது. மூங்கில் குச்சியும் எண்ணெயுமாக இரண்டு மணி நேரம் சுரண்டினேன். பாதி வந்திருக்கிறது.

பெரிய அலகைத் திறந்தால் ‘டக்’ என்று நிற்கிறது. அலகைப் பிடித்து நிறுத்தும் வில் நன்றாக இருக்கிறது.

ஜனவரி 8

விரிசல் உள்ள எலும்பைக் கழற்றினேன். ஆணித் தலைகளை அராவி, பின்னாலிருந்து தட்டினால் வந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு ஆணி வந்தது, மூன்றாவது ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது.

எலும்புக்குக் கீழே பித்தளைத் தகடு. அதில் எலும்பின் துளைகளோடு பொருந்தும் மூன்று துளைகள் இருந்தன. பொருந்தாத மூன்று துளைகளும் இருந்தன, பித்தளை வைத்து அடைத்துத் தேய்த்திருந்தார்கள். வேறொரு பிடி இந்தத் தகட்டில் இருந்திருக்கிறது.

பெரிய அலகின் மூட்டுத் துளையையும் பார்த்தேன். ஆணியைவிடத் துளை பெரியது. இடைவெளியில் மெல்லிய வளையம் போட்டு நிரப்பியிருக்கிறது. இந்த அலகு இந்த உடம்புக்குச் செய்தது இல்லை.

ரம்பத்தின் அடியில் மீதித் துருவையும் எடுத்தேன். ஒரு கிரீடம். அதன் பக்கத்தில் V இல்லை, G. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலம். 1910க்குப் பிறகு.

இரண்டு கத்திகள். ஒன்பது வருடமாவது வித்தியாசம். யாரோ ஒருவர் உடைந்த இரண்டிலிருந்து ஒன்று செய்திருக்கிறார். நல்ல வேலைக்காரர்.

அதற்கு மேல் ரம்பத்தைத் தேய்க்கவில்லை.

ஜனவரி 9

சார் போன் செய்தார். இந்தக் கத்தியை 1979இல் ஒரு துரை பங்களா ஏலத்தில் எடுத்தாராம். அப்போது அவர் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். ஏலத்துக்கு அவரும் கூட வந்து, வெயிலில் தொப்பி வைத்துக்கொண்டு நின்றாராம். மனைவி இறந்து நாலு வருடமாகிறது. கதையை இதற்கு முன்னும் சொல்லியிருக்கிறார்.

“திறந்து பாத்தியாம்மா? உள்ள எப்படி இருக்கு?”

“நல்லாயிருக்கு சார்.”

“எனக்குத் தெரியும்” என்று சிரித்தார்.

ஆணிக்கு வெள்ளி கலந்த கம்பி தேடித் திருநெல்வேலி டவுனுக்குப் போனேன். கிடைத்தது.

ஜனவரி 11

குறிப்பை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது ஒன்றரைப் பக்கம், துளைகளின் படத்தோடு. இரண்டாவது ஏழு வரி. ‘ஒரே காலத்தது. முழுமையானது. பிடியின் விரிசல் சீர் செய்யப்பட்டது.’ இதில் கையெழுத்துப் போட்டேன். எழுபத்து நாலு வயது மனிதர். யாருக்கும் விற்கப் போவதில்லை. யாருக்கும் இதனால் நஷ்டம் இல்லை.

எலும்பை ஒட்டி, ஆணி அடித்து, சின்னச் சுத்தியலால் தலையைப் பரப்பினேன். விரிசலின் நிறம் பொருந்துவதற்குக் கெட்டித் தேயிலைச் சாயம் வைத்தேன். ஒட்டிய இடம் தெரியவில்லை.

அக்காவின் எக்ஸ்ரே படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் வைத்து, பிறகு ட்யூப் லைட்டில் வைத்து.

ஜனவரி 13

எழுதிவிடுகிறேன். இடது பக்கம், கீழே, இதயத்தின் நிழலுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். ஓரம் சீராக இல்லை. பக்கவாட்டுப் படத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகப் படம் எடுக்கிறேன்.

பழைய காசநோய்த் தழும்பாகவும் இருக்கலாம். படத்தைப் படிப்பது என் வேலை இல்லை, டாக்டர் வேலை. ‘டாக்டர் சொல்லுவாங்க’ என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள். அக்காவுக்கு ஒரே மகள். இருபத்தொன்பதாம் தேதி காலையில் டாக்டரிடம் கூட்டிப் போவேன். தேதி போட்டு வைக்கிறேன்.

ஜனவரி 15

விடுமுறை. மண்டபத்துச் சமையல்காரரைப் பார்க்க அத்தானும் அக்காவும் நானும் போனோம். படி ஏறும்போது அக்கா பாதியில் நின்றாள். கைக்குட்டையில் லேசாகச் சிவப்பு. தொண்டைப் புண் என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

ஜனவரி 16

கத்தியைக் கூரியரில் போட்டேன்.

ஜனவரி 20

கோயம்புத்தூர்க் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ட்யூட்டி இருந்தது. காலையில் குழுவில் ஒரு படம் வந்தது: கறுப்பு வெல்வெட் துணியில் கத்தி, பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் குறிப்பு, பின்னால் கோட்டு போட்ட சார். மதியத்துக்குப் பிறகு குழுவில் யாரும் எதுவும் போடவில்லை.

ஜனவரி 21

காலை ஏழு மணிக்கு சார் பேசினார். குன்னூர் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

“பியூலா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரம்பத்துக்கு அடியில இருக்கற எழுத்த நீ பாத்தியா, பாக்கலையா?”

பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்திருக்கிறார். நாற்பது வருடமாகத் துரு மூடியிருந்ததை நான்தான் சுத்தம் செய்து வைத்திருந்தேன். அவர் பூதக்கண்ணாடியைச் சாரிடமே கொடுத்து, எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

“பாத்தேன் சார்.”



“பாக்கலைன்னு சொல்லியிருந்தா வயசாச்சு, கண்ணு தப்பிடுச்சுன்னு விட்டிருப்பேன்.”

“உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு...”

“கஷ்டமாத்தான் இருந்திருக்கும். ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். அப்புறம் நானே அத எடுத்துட்டுப் போயி, இது ரெண்டு கத்தின்னு சொல்லியிருப்பேன். நாப்பது வருஷம் எனக்குத் தெரியாது, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு வாரமா உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அது என் கத்திம்மா.”

திட்டவில்லை. ‘வெச்சுடறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு லீவு சொன்னேன். குளித்தேன். பீரோவிலிருந்து எக்ஸ்ரே உறையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அத்தான் மண்டபத்துக்குப் போயிருந்தார், ஷெரின் தையல்காரரிடம். அக்கா தரையில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பத்துப் பை போட்டேன். பிறகு சொன்னேன்.

படத்தை வாங்கி வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்தாள். திருப்பிக் கொடுத்தேன்.

“எது?”

காட்டினேன்.

“என்னைக்குப் பாத்த?”

“மூணாந்தேதி. எடுத்த அன்னைக்கே.”

விரல் விட்டு எண்ணினாள். “பதினெட்டு நாளு. எம் பக்கத்துல உக்காந்து ஃபால்ஸ் தச்ச. மண்டபத்துப் படியில என் கையப் பிடிச்ச. தொண்டைப் புண்ணுன்னு சொன்னதுக்கு ஆமான்ன.”

“கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன்க்கா.”

“எம் மவ கல்யாணம். என் நெஞ்சு. நாள் குறிக்க நீ யாருட்டி?”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இன்னும் நாலு பை போட்டாள். தேங்காய் ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதை எடுக்கக் குனிந்தபோது இருமல் வந்தது. முதுகைத் தடவப் போனேன். கையைத் தள்ளிவிட்டாள்.

“எந்த டாக்டர்ட்ட போணும்?”

சொன்னேன்.

“நாளைக்கே போவோம். உங்க அத்தான்ட்ட நான் சொல்லுதேன், நீ வாயத் தொறக்காத. ஷெரினுக்குக் கல்யாணம் முடிஞ்சு நானே சொல்லிக்கிடுதேன். இப்ப மேல போ.”

ஜனவரி 22

ஸ்கேன். டாக்டரிடம் அக்காவே எல்லாவற்றையும் சொன்னாள். எப்போது தெரிந்தது என்று அவர் கேட்டபோது, “நேத்து” என்றாள். அவளுக்கு நேற்றுத்தான்.

ஜனவரி 24

ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம். கல்யாணம் குறித்தபடி நடக்கும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அத்தான் என்னோடு பேசுகிறார். அக்கா உப்பு, சாவி, பால் இதற்கு மட்டும்.

ஜனவரி 28

கல்யாணம் நன்றாக நடந்தது. ஷெரின் மாதுளை நிறப் பட்டு. அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். அக்கா எல்லாப் பந்தியிலும் நின்றாள். போட்டோ எடுக்கும்போது என்னைத் தேடி ஆள் அனுப்பினாள், ஆனால் பக்கத்தில் நின்றபோது என் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 1

புற்றுதான். பரவியதாகத் தெரியவில்லை. மதுரையில் அறுவை சிகிச்சை.

அக்கா ஷெரினுக்குப் போன் செய்து சொன்னாள். மாடியில் இருந்த எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தமாகவும் தெளிவாகவும் சொன்னாள்.

பிப்ரவரி 3

சாருக்குக் கடிதம் எழுதினேன். தூக்கிப் போடாமல் வைத்திருந்த அந்த ஒன்றரைப் பக்கக் குறிப்பையும் வைத்தேன். அடைத்த துளைகள் மூன்று, வளையம், G எழுத்து. மன்னிப்பு ஒரு வரி. காரணம் எழுதவில்லை.

பிப்ரவரி 14

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். மதியம் ஒன்றே காலுக்கு வெளியே. இடது நுரையீரலின் கீழ்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அத்தான் காலையிலிருந்து ஒரே தினத்தாளை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பழைய கத்தியைத் துடைக்கலாம் என்று கொண்டு போயிருந்தேன். வாசலில் காவலாளி வாங்கி வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 20

நெறிக்கட்டுகளில் புற்று எதுவும் இல்லை. மருந்து வேண்டுமா என்று பிறகு முடிவு செய்வார்களாம்.

டாக்டரைத் தனியே பார்த்து, பதினெட்டு நாள் முன்னால் தெரிந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று கேட்டேன். இந்த வகையில் பதினெட்டு நாள் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். இதை அக்காவிடம் சொல்லவில்லை. அது எனக்கு வேண்டிய பதில், அவள் கேட்ட கேள்விக்கானது இல்லை.

மார்ச் 5

குன்னூரிலிருந்து மரப்பெட்டி. நல்ல கனம். உள்ளே பத்துக் கத்திகள். மேலே ஒரு தாள்:

‘இந்தப் பத்தும் நான் நல்லதென்று நம்பிக்கொண்டிருப்பவை. ஒவ்வொன்றையும் திற. பார்த்ததை எழுது. குதிரைக்காரர் கத்தியை நான் பிரிக்கப் போவதில்லை. யார் சேர்த்தாரோ அவர் கை நல்ல கை. அதற்கும் புதிய குறிப்பு ஒன்று எழுதி அனுப்பு. வரும் வருடக் கூட்டத்தில் அதே துணியில் வைப்பேன்.’

எழுதினேன்: ‘இரண்டு கத்திகளால் ஆனது. பெரிய அலகு விக்டோரியா ராணி காலம். ரம்பம் 1910க்குப் பிந்தியது. எலும்புப் பிடி இந்த உடம்புக்கு உரியதல்ல. சேர்த்தவர் யார் என்று தெரியவில்லை. பிடியின் விரிசலை 2019இல் ஒட்டியவர் பியூலா. முந்திய குறிப்பு தவறு, தெரிந்தே எழுதியது.’

‘தெரிந்தே’ என்பதை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

மார்ச் 17

பத்தில் ஏழு சரி. ஒன்றில் வில் மாற்றியது. ஒன்றில் முத்திரை பிற்பாடு குத்தியது, எழுத்தின் ஓரங்கள் புதிதாக இருக்கின்றன. பத்தாவது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று போனில் சொன்னேன்.

“எந்த ஒண்ணும்மா முத்திரை குத்தினது?” என்றார். சொன்னேன்.

“அடப்பாவி” என்றார், அதை விற்றவரை. பிறகு, “அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். அவரிடம் நான் சொல்லவே இல்லை. குழுவில் இருக்கும் உள்ளூர்க்காரர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன், மூன்றாம் தேதியிலிருந்து. கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “எங்கிட்ட வாங்கின திட்டு அங்க உதவுச்சா?” என்றார்.

“உதவிச்சு சார்.”

“அப்பச் சரி.”

மார்ச் 29

ஆறாவது வாரப் படம். மதுரை வரை போக வேண்டாம், இங்கேயே எடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா இந்த முறை டாக்டர் சீட்டோடு வந்தாள். நான் உள்ளே போகாமல், கூட வேலை பார்க்கும் முத்துக்குட்டியை அனுப்பினேன். அவன் திரும்பி வந்து, “நீங்கதான் எடுக்கணுமாம்” என்றான்.

சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். தோளைப் பிடித்து நிறுத்தினேன். தையல் இன்னும் வலிக்கிறது, இடது கையை முழுக்கத் தூக்க முடியவில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். இருமல் வரவில்லை.

அடுத்த அறையில் படம் திரையில் வந்தது. அவள் கதவருகே வந்து நின்றாள். நோயாளிகள் அங்கே வரக் கூடாது.

“சொல்லு.”

சொன்னேன். எடுத்த இடத்தை நிரப்ப மேலே இருந்த நுரையீரல் கீழே விரிந்து வந்திருக்கிறது. இடது பக்க விலாவுக்குக் கீழே உதரவிதானம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, அது அப்படித்தான் இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் நீர் நிற்கிறது. அது வற்றலாம், வற்றாமல் எடுக்க வேண்டியும் வரலாம். வேறு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் இருந்தால் எனக்குத் தெரியாது.

“நீரு எங்க?”

“இந்த ஓரத்துலக்கா.”

“எனக்குத் தெரியல. காட்டு.”

திரையை அவள் பக்கம் திருப்பினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் விரல் வைத்த இடத்தில் அவளும் விரல் வைத்தாள். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார். நான் எழுந்திருக்கப் போனேன்.

“இரு. இன்னும் பாக்கல” என்றாள்.